முடக்குவாதம்: நமது தோட்டங்களுக்கு ஒரு பாட வகுப்பு வேண்டும்

(மாதர் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், பேர், நிறுவை, லயத்துக் கூரை என்றுதான் பேசுவோம். இன்று ஒரு நோயைப் பற்றிப் பேசப் போகிறோம். "நோயைப் பற்றிப் பேச டாக்டர் இருக்கிறாரே, சங்கத்துக்கு ஏன் இந்த வேலை?" என்று சிலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கொழுந்து எடுப்பது கை. பத்து விரலும் மடங்கி நிமிர்ந்தால்தான் கிலோ ஏறும். கிலோ ஏறினால்தான் முழுப்பேர். விரல் மடங்காத நாளில் அரைப்பேர். அடுத்த நாள் அதுவும் இல்லை. கையைப் பிடிக்கும் நோய் சம்பளத்தையும் பிடிக்கிறது. சம்பளத்தைப் பிடிப்பது எதுவானாலும் அது சங்கத்தின் விஷயம்.

"வாதம்" என்ற ஒரே பெயர்

நமது லயங்களில் "வாதம்" என்ற ஒரு சொல்லுக்குள் பல நோய்களைப் போட்டு மூடி வைத்திருக்கிறோம். முதலில் அவற்றைப் பிரித்துப் பார்ப்போம்.

ஒரு பக்கக் கையும் காலும் திடீரென்று விழுந்து போனால் அது பாரிசவாதம். அது மூளையின் இரத்தக் குழாயில் வரும் கோளாறு. உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். பிள்ளைகளுக்குத் தொண்டை நோவு வந்து, சில கிழமைக்குப் பிறகு மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்தால் அது வாதக் காய்ச்சல். அது இதயத்தைக் கெடுக்கும். வயது போகப் போக முழங்கால் தேய்ந்து, மேடு ஏறி இறங்கும்போது நோவது தேய்மான மூட்டு நோய். நாம் இன்று பேசுவது நான்காவது நோய். வைத்தியர்கள் இதை ருமட்டோயிட் ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள். தமிழில் முடக்குவாதம் என்கிறோம்.

நமது உடம்புக்குள் கிருமிகளை எதிர்க்கும் காவல் படை ஒன்று இருக்கிறது. முடக்குவாதத்தில் அந்தக் காவல் படை ஆள் மாறி, நமது மூட்டுகளையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. மூட்டின் உட்பக்கத்தில் உள்ள மெல்லிய சவ்வு வீங்கிச் சூடாகிறது. அப்படியே விட்டால் குருத்தெலும்பும் எலும்பும் அரிபட்டு, விரல் கோணிப் போகும். கோணிய விரலை மருந்தால் நேராக்க முடியாது.

இந்த நோய் பீலித் தண்ணீரில் குளிப்பதால் வருவதில்லை. மலையில் பனியும் மழையும் படுவதால் வருவதும் இல்லை. குளிரில் நோவு கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. யாருடைய கண்ணூறும் இல்லை, செய்வினையும் இல்லை. புகை பிடிப்பவர்களுக்கு இது வரும் வாய்ப்புக் கூடும், வந்தால் கடுமையாகவும் இருக்கும் என்பது நிச்சயமாகத் தெரிந்த விஷயம். இதை ஆண்களும் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

அடையாளம் நான்கு. ஒன்று, காலையில் எழும்பியதும் விரல்கள் மரக்கட்டை போல விறைத்திருக்கும். அந்த விறைப்பு அரை மணித்தியாலத்துக்கு மேல், சிலருக்குப் பல மணித்தியாலம் போகாது. தேய்மான நோவில் விறைப்பு சீக்கிரம் விட்டுவிடும். வேலை செய்யச் செய்ய நோவு கூடும். இரண்டு, விரல் மொளிகள், மணிக்கட்டு, பாதத்து விரல்கள் போன்ற சின்ன மூட்டுகள் வீங்கும். பெரும்பாலும் இரண்டு கையிலும் ஒன்றுபோல வரும். மூன்று, நோவோடு சேர்ந்து உடம்பு முழுவதும் களைப்பு. சிலருக்குச் சாப்பாடு பிடிக்காது, மெலிவார்கள். நான்கு, இது ஆறு கிழமைக்கு மேல் நீடிக்கும். சிக்குன்குனியா போன்ற காய்ச்சலுக்குப் பிறகும் மூட்டு வீங்கும் என்பதால், எந்த நோய் என்று முடிவு செய்ய வேண்டியவர் வைத்தியர்தான். இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் அதற்கு உதவும். நமது வேலை, இந்த நான்கையும் கண்டால் காத்திருக்காமல் போவது.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2019இல் உலகத்தில் 1 கோடி 80 இலட்சம் பேர் முடக்குவாதத்தோடு வாழ்ந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் பெண்கள். அப்போதைய உலக சனத்தொகையோடு பிரித்துப் பார்த்தால் நானூறு பேருக்கு ஒருவர் என்ற அளவில் வருகிறது. இரண்டாயிரம் பேர் வாழும் ஒரு தோட்டத்தில் சராசரியாக நான்கைந்து பேர். பெரிய எண்ணிக்கை இல்லை என்று தோன்றும். அந்த நான்கைந்து பேரில் மூன்று பேர் அளவில் பெண்களாக இருப்பார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

காலம் பிந்தினால் கை பிந்தும்

இந்த நோயை முழுவதும் துடைத்தெடுக்கும் மருந்து இல்லை. அடக்கி வைக்கும் மருந்து இருக்கிறது. முதல் சில மாதங்களுக்குள் அந்த மருந்தைத் தொடங்கினால் எலும்பு அரிபடாமல் காப்பாற்றலாம். பலர் பல வருடம் வேலையும் செய்து, பிள்ளைகளையும் வளர்த்து, நடமாடிக்கொண்டு இருக்கிறார்கள். இரண்டு மூன்று வருடம் கழித்துப் போனாலும் மருந்து நோயை அடக்கும். ஆனால் அதற்குள் அரிபட்ட எலும்பு திரும்பி வராது.

நம் ஆட்கள் அந்த முதல் மாதங்களில் என்ன செய்கிறார்கள்? தைலம் பூசுகிறோம். நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்க்கிறோம். பூசுவதால் கெடுதல் பெரிதாக இல்லை. சூடு நோவைக் கொஞ்சம் ஆற்றும். ஆனால் உள்ளே நடக்கும் அரிப்பைத் தைலம் தொடாது. பிறகு டவுனுக்குப் போய்ப் பாமசியில் "கை உளைவுக்குக் குளிசை" என்று கேட்டு வாங்குகிறோம். நோவுக் குளிசை அன்றைக்கு மலைக்குப் போக உதவும். வைத்தியர் சொல்லாமல் மாதக்கணக்கில் அதையே விழுங்கினால் குடலில் புண் வரும், சிறுநீரகம் கெடும். சிலர் ஸ்டிரோயிட் குளிசை என்று தெரியாமலே வாங்கிப் போடுகிறார்கள். முதல் நாளே அற்புதம் போலக் கை லேசாகும். நீண்ட நாள் போனால் சீனி வியாதி, எலும்பு பலவீனம், முகம் ஊதுதல் எல்லாம் வரிசையாக வரும். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. வைத்தியர் அளந்து கொடுக்கும்போது அது மருந்து. நாமே எடுத்தால் கடன் வாங்கி வட்டி கட்டுவது போன்றது.

பள்ளிக்கூடத்து வரவுப் பதிவு சொன்ன கதை

நாங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர்கள். நோயை எங்களுக்குக் காட்டியது வரவுப் பதிவேடுதான். ஒன்பதாம் தரத்துப் பிள்ளை ஒன்று தினமும் முதல் பாடம் முடிந்த பிறகே வந்தது. வீடு தூரமில்லை, பணிய லயம். தகப்பன் கொழும்பில் கடை வேலை. என்ன காரணம் என்று பார்க்க லயத்துக்குப் போனோம்.

காலை ஆறரை மணி. அந்தப் பிள்ளைதான் ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தது. தம்பிக்குச் சட்டைப் பொத்தானை அதுதான் போட்டுவிட்டது. தாய்க்குத் தலை சீவிக் கொண்டை கட்டியதும், இடுப்பில் படங்கைக் கட்டிவிட்டதும் அதுதான். அந்தத் தாய் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "காலையில இது என் கையே இல்ல. பத்து மணிக்குத்தான் திரும்பி வரும்." வயது முப்பத்தெட்டு. இரண்டு வருடமாகத் தைலமும் டவுன் குளிசையும். மலையில் கிலோ குறைந்து, மாதத்தில் பாதி நாள் அரைப்பேர். சோம்பேறி என்ற பேச்சையும் கேட்டிருக்கிறார்.

அவர் கிளினிக் போகத் தொடங்கினார். நோயின் பெயர் தெரிந்தது, மருந்தும் கிடைத்தது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. முடக்குவாதத்துக்கு முதலில் கொடுக்கும் முக்கியமான மருந்து மெத்தொட்ரெக்சேட். இது கிழமைக்கு ஒரே ஒரு நாள் எடுக்க வேண்டிய மருந்து. நாம் பழகிய மற்றக் குளிசைகள் எல்லாம் தினமும் போடுபவை. கடுதாசிப் பையில் எழுதியிருந்த மொழி அவருக்கும் தெரியாது, அந்தப் பிள்ளைக்கும் சரியாக விளங்கவில்லை. கூட்டமான கிளினிக்கில் வேறு மொழியில் வேகமாகச் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வந்திருந்தார். கிழமைக்கு ஒருமுறை எடுக்க வேண்டியதைத் தொடர்ந்து நான்கு நாள் எடுத்தார். வாய் முழுவதும் புண், சோறு இறங்கவில்லை, காய்ச்சல். லயத்துக்கு வேறு அலுவலாக வந்த குடும்ப நல உத்தியோகத்தர் அந்தப் பையைப் பார்த்து, அன்றே வைத்தியசாலைக்கு அனுப்பினார். அதனால் பிழைத்தார்.

எந்த வைத்தியசாலை என்று சொல்வதில் பயன் இல்லை. தினமும் எடுத்துவிடும் இந்தத் தவறு பல நாடுகளிலும் நடந்து, உயிர்களும் போயிருக்கின்றன. நாம் பார்க்க வேண்டியது ஒன்றுதான். அந்தத் தாய்க்கு மருந்து கிடைத்தது. மருந்தைப் பற்றிய பாடம் கிடைக்கவில்லை. மருந்து பாதி, பாடம் பாதி. பாதி மட்டும் கிடைத்தால் அந்தப் பாதியே ஆளைக் கொல்லலாம்.

இன்று அவர் மலைக்குப் போகிறார். இரண்டு விரல் கோணியபடிதான் இருக்கிறது. பிள்ளை முதல் பாடத்துக்கு வந்துவிடுகிறது.

நோயாளரே நோயாளருக்குப் படிப்பித்த இடம்

நோயாளருக்கு வகுப்பு நடத்துவது நாம் கண்டுபிடித்த புது யோசனை இல்லை. அமெரிக்காவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் என்ற தாதியும் அவருடைய குழுவினரும் 1970களின் கடைசியில் மூட்டு நோயாளருக்கு ஒரு வகுப்புத் தொடங்கினார்கள். கிழமைக்கு ஒரு நாள், இரண்டு மணித்தியாலம், ஆறு கிழமை. வகுப்பை நடத்தியவர்கள் டாக்டர்கள் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். அவர்களில் பலர் தாங்களும் மூட்டு நோய் உள்ளவர்கள்.

அந்த வகுப்பில் நோய் என்ன, மருந்து என்ன என்று சொன்னார்கள். மூட்டுக்கு ஏற்ற பயிற்சி, நோவைத் தாங்கும் வழி, மனச்சோர்வை வெல்லும் வழி, வைத்தியரிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்பதெல்லாம் பழக்கினார்கள். ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொருவரும் தான் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலையைச் சொல்லிவிட்டுப் போவார். அடுத்த கிழமை வந்து செய்தாரா, எங்கே தடைப்பட்டது என்று எல்லோருக்கும் சொல்வார். தடைக்கு வழி சொல்வது மற்ற நோயாளர்கள்.

1993இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், வகுப்பு முடிந்து நான்கு வருடத்துக்குப் பிறகும் சராசரியாக நோவு நூற்றுக்கு 20 பங்கு குறைந்திருந்தது என்றும், வைத்தியரிடம் போன தடவைகள் நூற்றுக்கு 40 பங்கு குறைந்திருந்தன என்றும் காட்டினார்கள். அவர்களுடைய நோய் நின்றுவிடவில்லை. உடல் இயலாமை அந்த நான்கு வருடத்தில் கொஞ்சம் கூடவே செய்தது. அப்படியானால் குறைந்தது எதனால்? "என்னால் இதைச் சமாளிக்க முடியும்" என்ற நம்பிக்கை யாருக்கு வளர்ந்ததோ அவர்களுக்கே பலன் கூடுதலாக இருந்தது என்று கண்டார்கள்.

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். முடக்குவாதத்தை மட்டும் எடுத்துப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வகுப்புகளால் வந்த பலன் சிறியது, தொடர்ந்து நடத்தாவிட்டால் நீண்ட நாள் நிற்பதில்லை என்றே தெரிந்தது. ஆகவே இரண்டு விஷயம் மறக்கக் கூடாது. வகுப்பு மருந்துக்குப் பதில் இல்லை. ஒருமுறை கூட்டம் போட்டுப் படம் பிடித்துக்கொண்டு போவதும் வகுப்பு இல்லை. ஐரோப்பாவின் வாத நோய் நிபுணர்களின் அமைப்பு 2015இல் தந்த பரிந்துரையும் இதுதான்: நோயாளருக்கான கல்வி வைத்தியத்தின் ஒரு பகுதியாகவே, நோயின் எல்லாக் கட்டத்திலும் கிடைக்க வேண்டும்.

நமது தோட்டத்திலும் முடியும். வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்கு ஜீவனி கரைத்துக் கொடுக்க நமது தாய்மார் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தார்கள்? பிள்ளைமடுவத்திலும், குடும்ப நல உத்தியோகத்தர் லயம் லயமாக வந்து சொன்னதிலும்தான் படித்தார்கள். திரும்பத் திரும்பச் சொன்னதால் அது பழக்கமாகியது.

ஆறு ஞாயிறு, ஆறு பாடம்

சங்கம் வைக்கும் யோசனை இது. ஞாயிறு பின்னேரம், கைக்காசுக் கொழுந்து முடிந்த பிறகு, ஒன்றரை மணித்தியாலம். இடம் பிள்ளைமடுவம் அல்லது கோயில் மண்டபம். அக்கம்பக்கத்து இரண்டு மூன்று தோட்டம் சேர்ந்து ஒரு வகுப்பு. நடத்துவது நோயோடு வாழும் ஒரு சகோதரியும் ஓர் ஆசிரியரும். தோட்ட வைத்திய உதவியாளரையும் குடும்ப நல உத்தியோகத்தரையும் அழைப்போம்.

முதல் ஞாயிறு, நோயை அறிதல். நான்கு அடையாளமும் அன்றைக்கு. கை உளைவு உள்ள எல்லோரும் வரலாம். பலருக்கு முடக்குவாதம் இருக்காது. அதைத் தெரிந்துகொள்வதும் நல்லதுதான்.

இரண்டாவது ஞாயிறு, மருந்து. ஒவ்வொருவரும் தன் குளிசைகளையும் கிளினிக் கொப்பியையும் கொண்டு வர வேண்டும். மெத்தொட்ரெக்சேட் எடுப்பவரின் வீட்டுக் கலண்டரில் கிழமைக்கு ஒரு நாளைச் சிவப்பு மையால் வட்டமிடுவோம். அந்த நாள் மட்டும். அதனோடு தரும் ஃபோலிக் அசிட்டை வைத்தியர் சொன்ன நாளில் எடுக்க வேண்டும். இரத்தப் பரிசோதனைத் திகதியைத் தவறவிடக் கூடாது. ஈரலையும் இரத்த அணுக்களையும் பார்ப்பதற்கே அந்தப் பரிசோதனை. இந்த மருந்து எடுக்கும்போது சாராயம், கசிப்பு கூடவே கூடாது. வாய்ப்புண், காய்ச்சல், மூச்சு வாங்குதல், வறட்டு இருமல் வந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மிக முக்கியம்: இந்த மருந்து கருவில் இருக்கும் பிள்ளையைக் கெடுக்கும். பிள்ளை பெறும் எண்ணம் உள்ள தங்கைமார், திருமணம் ஆகப் போகிறவர்கள், அதை முன்கூட்டியே வைத்தியரிடம் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். வேறு மருந்து இருக்கிறது. ஹைட்ரொக்சிகுளோரோகுயின் எடுப்பவர்கள் வைத்தியர் சொல்லும்போது கண்ணைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது ஞாயிறு, மூட்டைக் காத்து வேலை செய்தல். தண்ணீர் வாளியை விரலில் தொங்கவிடாமல் முழங்கையில் மாட்டித் தூக்கலாம். பாதி வாளியாக இரண்டு தடவை எடுக்கலாம். ஈரத்துணியை முறுக்காமல் பீலிக் குழாயில் சுற்றி இழுத்துப் பிழியலாம். கத்தி, அகப்பைப் பிடியில் பழைய துணி சுற்றித் தடிப்பாக்கினால் பிடிக்க இலகு. காலையில் வெந்நீரில் கையைப் பத்து நிமிடம் வைத்து, மெதுவாக மடக்கி நீட்டினால் விறைப்பு விடும்.

நான்காவது ஞாயிறு, பயிற்சியும் ஓய்வும். வீக்கம் கூடிய நாளில் அந்த மூட்டுக்கு ஓய்வு. வீக்கம் அடங்கிய நாளில் அசைவு. முழுவதும் படுத்துவிட்டால் தசை கரையும்.

ஐந்தாவது ஞாயிறு, குடும்பம். அன்றைக்குக் கணவன்மார் கட்டாயம் வர வேண்டும். அம்மாவின் கை வேலையைப் பெண்பிள்ளையின் தலையில் மட்டும் போட்டால், ஒரு நோய் இரண்டு பேரைப் பிடித்ததாக ஆகும். ரொட்டி பிசைய ஆணின் கைக்கும் பத்து விரல் இருக்கிறது. வெளியே சிரிக்கும் பல சகோதரிகள் இரவில் அழுகிறார்கள் என்பதையும் அன்றைக்குத்தான் பேச வேண்டும்.

ஆறாவது ஞாயிறு, கிளினிக்கில் பேசப் பழகுதல். மூன்று கேள்வியை எல்லோரும் மனப்பாடம் செய்வோம். இது எந்த மருந்து? எந்த நாளில், எத்தனை எடுக்க வேண்டும்? என்ன வந்தால் உடனே வர வேண்டும்? ஒருவர் வைத்தியராக, ஒருவர் நோயாளராக நடித்துப் பழகுவோம். பள்ளிக்கூட நாடகத்தில் நடித்த பிள்ளைகளுக்குத் தெரியும், இரண்டு தடவை பழகினால் கூச்சம் போய்விடும்.

ஆறு முடிந்ததும் கலைந்து போவதில்லை. மாதம் ஒரு ஞாயிறு தொடர வேண்டும்.

"மருந்தே இல்லாதபோது பாடம் எதற்கு?"

இந்தக் கேள்வி நியாயமானது. 2022 பொருளாதார நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு எப்படி இருந்தது என்று நாம் எல்லோரும் பார்த்தோம். ஆனால் அப்போதும் ஒரு வித்தியாசம் இருந்தது. மருந்தின் பெயர் தெரிந்தவர், "இது முடிந்துவிட்டதா? பதிலுக்கு என்ன? எங்கே கிடைக்கும்?" என்று கேட்கலாம். பெயர் தெரியாதவர் வெறும் கையோடு பஸ் ஏறினார். தனக்குக் கிடைக்காமல் போனது எது என்றுகூட அவருக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை நாம் கோரிக்கையாக எழுத முடியாது. பாடம் படித்தவர்கள்தான் மருந்து கேட்டுப் போராடுவார்கள்.

நமது கோரிக்கைகள்

சகோதரிகளே, பாடத்தை நாமே நடத்தலாம். ஆனால் சில காரியத்தை மற்றவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

சுகாதார அதிகாரிகளிடம்: மருந்துப் பையிலும் கிளினிக் கொப்பியிலும் தமிழில் எழுதித் தாருங்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிவிட்டது. "கிழமைக்கு ஒருமுறை மட்டும்" என்ற மூன்று சொல்லுக்கு ஒரு முத்திரை போதும். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஏழு வட்டத்தில் ஒன்றை நிறமிட்ட படம் போதும். மலையகத்து மூத்தவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். அது அவர்கள் குற்றம் இல்லை.

தோட்ட வைத்திய உதவியாளர்களிடம்: ஆறு கிழமை வீங்கிய கைக்கு மறுபடியும் நோவுக் குளிசை தந்து அனுப்ப வேண்டாம். வைத்தியசாலைக்குக் கடிதம் கொடுங்கள். கண்டி தேசிய வைத்தியசாலை போன்ற பெரிய வைத்தியசாலைகளில் வாத நோய்ப் பிரிவு இருக்கிறது.

தோட்ட நிர்வாகத்திடம்: கிளினிக் கொப்பியைக் காட்டும் தொழிலாளிக்குக் கிளினிக் நாளில் லீவு மறுக்கக் கூடாது. வீக்கம் கூடிய நாட்களில் கொழுந்துக்குப் பதில் விரலுக்குப் பாரமில்லாத வேலை கொடுக்க வேண்டும். கங்காணிமாருக்கும் வெளிக்கள உத்தியோகத்தர்களுக்கும் இந்த நோயைப் பற்றி ஒரு மணித்தியாலம் சொல்ல எங்களுக்கு இடம் தர வேண்டும். சோம்பேறி என்ற சொல் மலையில் கேட்கக் கூடாது.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். கை முடியவில்லை என்பதற்காக யாராவது "வேலையை விட்டு நிற்கிறேன்" என்று எழுதிய கடிதத்தில் கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ கேட்டால், தலைவரிடம் காட்டாமல் போட வேண்டாம். நிரந்தரமாக, முழுமையாக இனி வேலை செய்ய முடியாது என்று வைத்தியர் சான்று தந்தால், வயது வரும்வரை காத்திருக்காமல் ஊழியர் சேமலாப நிதியைக் கேட்க வழி இருக்கிறது. ஆனால் பெரும்பாலான சகோதரிகளுக்கு அந்த நிலையே வராமல் தடுக்கலாம் என்பதற்குத்தான் இவ்வளவு நேரம் பேசினோம்.

ஒக்டோபர் 12 உலக மூட்டு நோய் தினம். அதற்கு முன் முதல் ஆறு ஞாயிறும் நடந்து முடிய வேண்டும் என்பது மாதர் அணியின் தீர்மானம். வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். காலையில் கை விறைப்பவர்கள் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள். எழுதுவதற்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கூட்டத்துக்கு வராத பக்கத்து வீட்டு அக்காவின் பெயரையும் கேட்டு வந்து சொல்லுங்கள். வர முடியாதவர்களுக்குத்தான் இந்த வகுப்பு முக்கியம்.